நூறு மணி நேர இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து வந்த செஸ்னா: இறக்கை மூடியில் ஒரு ஸ்க்ரூ லூஸ். இது பெரிய விஷயமா?

திருவட்டார் பெண்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருவட்டார். வெளி மாநிலத்தில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குப் படிக்கிறேன். அங்கே மழை பிடித்து ஃப்ளையிங் நின்றிருப்பதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிற ஒரு விஷயத்தைக் கேட்கிறேன்.

போன மாதம் எனக்குக் கொடுத்த செஸ்னா 172 என்ற சின்ன விமானம், நூறு மணி நேரம் பறந்ததும் செய்கிற இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து அன்று காலையில்தான் ஹேங்கரை விட்டு வெளியே வந்தது. செக்லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் சுற்றி வந்தேன். இடது இறக்கைக்கு அடியில் டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வடித்துப் பார்க்கக் குனிந்தபோது, நுனிப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன இன்ஸ்பெக்‌ஷன் மூடியில் ஒரு ஸ்க்ரூவின் தலை மற்றவற்றைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன், சுற்றியது. இன்ஸ்ட்ரக்டரிடம் சொன்னதற்கு, "மற்ற ஸ்க்ரூ எல்லாம் இருக்கிறதே, ஒன்றும் ஆகாது, திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருகிவிட்டுப் போய்விட்டார். பறந்து வந்தோம், ஒரு பிரச்சினையும் இல்லை.

ஒரு ஸ்க்ரூவுக்காக நான் அவ்வளவு நின்றது சரியா? சர்வீஸ் முடிந்து வரும் விமானத்தில் செக்லிஸ்ட்டில் இருப்பதைத் தாண்டி என்ன பார்க்க வேண்டும்? லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை ஸ்டூடண்ட் ஒருத்தி மறுபடி நோண்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்றும் ஒரு தயக்கம். ஹேங்கர் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல் ஏர்ஃப்ரேம்:

மக்களே, நீ டெக்னீஷியனைக் கூப்பிட்டது சரி. இனியும் அப்படியே செய். நான் விமானப்படையில் விமானத்தின் உடல் பகுதியைப் பார்க்கிற ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, அப்புறம் சிவிலிலும் சில வருஷம் ஹேங்கர் வேலை பார்த்தவன். இப்போது கருங்கல் பக்கம் ரப்பரும் வாழையுமாக இருக்கிறேன். பேனலைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத்தான் என் வேலைக்காலத்தில் பாதி போயிருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்.

அந்த மூடி ஒன்று பறந்து போனால் செஸ்னா கீழே விழுந்துவிடாது. உன் இன்ஸ்ட்ரக்டர் அதை மனசில் வைத்துத்தான் பேசியிருப்பார். ஆனால் நான் அங்கே நின்றிருந்தால் என் கேள்வி வேறாக இருந்திருக்கும். அன்று காலையில் ஹேங்கரை விட்டு வந்த விமானத்தில் அந்த ஸ்க்ரூ ஏன் சுற்றுகிறது? முறுக்கிக்கொண்டிருந்தவனை அந்த இடத்தில் யாரோ கூப்பிட்டிருக்கலாம், அல்லது போன் வந்திருக்கலாம். அப்படியானால் அந்த மூடிக்கு அடுத்து அவன் மாட்டிய எல்லாவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம் வரும். இல்லையென்றால் உள்ளே ஸ்க்ரூவைப் பிடிக்கிற நட் பிளேட் தேய்ந்து பிடிமானம் போயிருக்கலாம். இன்று முறுக்கினால் நிற்கும், எஞ்சின் அதிர்வில் நாளைக்கு மறுபடி கழலும். மூன்றாவது, ஸ்க்ரூவே வேறு நீளமாக இருக்கலாம். கடற்கரையை ஒட்டிய ஏரோட்ரோமில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருவேறி இறுகிப்போகும், தலையின் வெட்டு தேய்ந்துபோகும், கடைசியில் டிரில் போட்டு எடுக்க வேண்டி வரும். எடுத்த இடத்தில், டப்பாவில் கிடைத்த ஒன்றைப் போடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. நீளம் கூடின ஸ்க்ரூ மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு டைட்டாகத் தெரியும், மூடி மட்டும் லூஸாகவே இருக்கும். உள்ளே ஒயரோ கேபிளோ பக்கத்தில் ஓடினால் அதிலும் உரசும்.

உன் டெக்னீஷியன் ஒரு திருகு திருகிவிட்டுப் போனதில், இந்த மூன்றில் எது என்று தெரியாமலே போய்விட்டது. எனக்கு வருத்தம் அதில்தான். அந்த ஸ்க்ரூவை முழுசாகக் கழற்றி, பக்கத்து ஸ்க்ரூவோடு சேர்த்து வைத்து நீளம் பார்த்து, மறுபடி போடும்போது நட் பிளேட் பிடிக்கிறதா என்று கையால் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1991 செப்டம்பர் 11-ஆம் தேதி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் ஈகிள் லேக் என்ற ஊர்ப் பக்கம் ஒரு எம்ப்ரேயர் பிரேசிலியா விமானம் வானத்திலேயே உடைந்து விழுந்தது. கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். முந்தின ராத்திரி வால் சிறகின் முன்விளிம்பில் ஐஸ் நீக்குகிற ரப்பர் பூட்டை மாற்றுகிற வேலை நடந்திருக்கிறது. ஒரு ஷிப்ட்காரர்கள் இடது பக்கம் மேலே இருந்த 47 ஸ்க்ரூக்களைக் கழற்றி வைத்தார்கள். அதை அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கவில்லை. வந்தவர்கள் வலது பக்க வேலையை முடித்து, விமானத்தைக் காலையில் வெளியே விட்டுவிட்டார்கள். முன்விளிம்பு அடிப்பக்க ஸ்க்ரூக்களில் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது. அந்த நிலையில் ஹூஸ்டனிலிருந்து லரேடோவுக்கு ஒரு தடவை பறந்து பத்திரமாக இறங்கியும் இருக்கிறது. திரும்பி வரும்போதுதான் போனது. அதனால்தான் சொல்கிறேன், "பறந்து வந்தோம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பதை அந்த மூடி சரியாக இருந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் கவனி. அந்த விமானத்துக்கு வால் சிறகு உச்சியில் இருக்கும். பைலட் கீழே நின்று எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தாலும் மேல்பக்க ஸ்க்ரூ தெரியாது. அவருக்கு இருந்த ஒரே வழி காகிதம். ராத்திரி என்னென்ன திறந்தீர்கள் என்று கேட்டு, திறந்தது எல்லாம் மூடியதாகக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான். காகிதத்திலும் அது இல்லாமல் போனதுதான் அந்த 14 பேரின் கதை.

ஆகவே நீ விமானத்தின் பக்கத்தில் போவதற்கு முன்னால், என்ன வேலை நடந்தது என்று எழுதியிருக்கிற ஒர்க் ஆர்டரைக் கேட்டுப் பார். நூறு மணி நேர வேலையில் செஸ்னாவின் எஞ்சினை மூடுகிற கவ்லிங் கழன்றிருக்கும். இறக்கை அடி மூடிகள், வால் பக்க மூடிகள், கேபினில் தரைப் பலகை, அதற்காக சீட், இவ்வளவும் கழன்றிருக்கும். எதைத் திறந்தார்களோ அதன் மேல் உன் கை படவேண்டும். கண்ணை மட்டும் நம்பாதே. மூடிய மாதிரி இருக்கிற பேனல்தான் ஆளை ஏமாற்றும். முழுசாகத் திறந்து கிடப்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்கள். இரண்டு ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிட்டதும், தட்டி வைத்து லாட்ச் போடாமல் விட்டதும் பத்தடி தூரத்தில் அழகாக மூடித்தான் இருக்கும். இதனாலேயே எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த சார்ஜென்ட் எல்லாரும், பாதியில் எழுந்து போவதானால் பேனலைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் போ, சும்மா சாத்தி வைக்காதே என்பார்கள். ஸ்க்ரூக்களை ஒரு பையில் போட்டு, பேனல் நம்பர் எழுதின டேகோடு அந்தப் பேனலிலேயே கட்டித் தொங்கவிடுவோம். மாட்டி முடித்த பிறகு பையில் ஒன்று மிஞ்சினாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கை வைத்துப் பார்ப்பது எப்படியென்றால், உள்ளங்கையை மூடியின் நடுவில் வைத்து அமுக்கு. டப் டப் என்று உள்ளே போய் வந்தால் எங்கோ பிடிக்கவில்லை. அப்புறம் விரல் நுனியால் விளிம்பு சுற்றித் தடவு. ஒரு தலை துருத்தியிருந்தால் விரலுக்கு உடனே தெரியும். கால் திருகில் பூட்டுகிற கேம்லாக், சூஸ் மாதிரி ஃபாஸ்ட்னர்களில் வெட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, அது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். தலை பேனலோடு சமமாக அமர்ந்திருக்கிறதா என்பதே முக்கியம். ஸ்ப்ரிங்கில் ஏறாதது மேலே எழும்பி நிற்கும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரில் பட்டி போட்டவர் மேடு பள்ளம் பார்க்க லைட்டைச் சாய்த்துப் பிடிப்பாரே, அப்படிப் பக்கவாட்டில் அடித்தால் எழும்பி நிற்கிற தலை நிழல் விழுத்தும். காலைப் பத்து மணி வெயிலில்கூட இறக்கைக்கு அடியில் டார்ச் வேண்டும்.

கேபினுக்குள் ஏறினதும் சீட்டை மறக்காதே. தரைப் பலகையைத் திறக்க சீட்டைக் கழற்றியிருப்பார்கள். செஸ்னாவில் டேக்‌-ஆஃப் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கிப் போய், பைலட் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே பின்னால் சாய்ந்து உயிர்ச்சேதம் ஆன விபத்துகள் உண்டு. உட்கார்ந்து, லாக் பின் துளையில் விழுந்ததை உறுதி செய்து, முன்னும் பின்னும் உடம்பை ஆட்டிப் பார்.

இறக்கை மூடி ஒன்றுக்கு உள்ளேதான், இறக்கையின் பின்விளிம்பில் ஆடி விமானத்தைச் சாய்க்கிற ஏலரானின் கேபிள் திரும்புகிற பெல் கிராங்க் என்ற இணைப்பு இருக்கிறது. மூடி திறந்தார்கள் என்றால் அதில் கை பட்டிருக்கலாம். அதனால் கண்ட்ரோல் ஆடுகிறதா என்பதோடு நிறுத்தாமல், சரியான திசையில் போகிறதா என்று பார். கட்டைவிரல் இரண்டையும் மேல்நோக்கி வைத்து, ஸ்டியரிங் மாதிரி இருக்கிற யோக்கைப் பிடி. இடது பக்கம் திருப்பினால் விரல் இடப் பக்கம் சாயும், இடது ஏலரான் மேலே எழும்ப வேண்டும். டிரிம் சக்கரத்தை மூக்கு தூக்குகிற பக்கம் சுற்றினால் வால் சிறகின் பின்விளிம்பில் ஆடுகிற எலிவேட்டரில், வலது பக்கம் இருக்கிற டிரிம் டேப் என்ற சின்னத் தகடு கீழே இறங்க வேண்டும். 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பெரிய சர்வீஸ் முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா எம்ப்ரேயர் விமானத்தில் ஏலரான் கேபிள் மாறி மாட்டப்பட்டிருந்தது. வானத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பைலட்கள் போராடி பேஜா விமானத் தளத்தில் இறக்கினார்கள்.

மரியாதைக் குறைவு என்று நினைக்கவே வேண்டாம். இன்ஜினியர் கையெழுத்து அவர் பொறுப்பு, ஏறுவதற்கு முன் திருப்தி அடைவது பைலட் பொறுப்பு. நான் மாட்டிய பேனலை ஒரு பைலட் தட்டிப் பார்த்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

ஷார்ஜா லைன்:

தங்கச்சி, பூர்வீகம் மணவாளக்குறிச்சி, இப்போது வளைகுடாவில் ஏர்பஸ் 320 லைன் மெயின்டனன்ஸில் நைட் ஷிப்ட். கருங்கல் அண்ணன் சொன்ன "சாத்தி வைத்த பேனல்" பற்றி மட்டும் கூடுதலாக எழுதுகிறேன், எங்களுக்கு இது தினமும் தலைவலி.

320-இன் எஞ்சினை மூடுகிற ஃபேன் கவ்ல் கதவுகளை மூடினால் சொந்த எடையிலேயே தொங்கி நிற்கும். லாட்ச் எல்லாம் எஞ்சினுக்கு நேர் அடியில், தரைக்குக் கிட்டத்தில். நின்றபடி பார்த்தால் தெரியாது, முழங்கால் போட்டுத் தலையைச் சாய்த்தால்தான் தெரியும். 2013 மே 24-ஆம் தேதி லண்டன் ஹீத்ரோவில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏர்பஸ் 319 விமானத்தில் இரண்டு எஞ்சினின் கவ்ல் கதவுகளும் டேக்‌-ஆஃப் நேரத்தில் பிய்த்துக்கொண்டு போயின. வலது எஞ்சினில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. திரும்பி வந்து இறங்கினார்கள், 80 பேரும் தப்பினார்கள்.

நடந்தது என்னவென்றால், ராத்திரி இரண்டு டெக்னீஷியன்கள் ஜெனரேட்டர் ஆயில் பார்க்கக் கதவைத் திறந்தார்கள், ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது, சாமான் எடுக்கப் போனார்கள். போகும்போது கதவை இறக்கி லாட்ச் போடாமல் விட்டார்கள். திரும்பி வந்தது பக்கத்தில் நின்ற வேறொரு விமானத்துக்கு. அங்கே கதவு பூட்டியிருந்தது, ஆயிலும் சரியாக இருந்தது. யாரோ முடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் சுற்றிப் பார்த்த பைலட் கண்ணிலும், விமானத்தைத் தள்ளிவிட்டவர்கள் கண்ணிலும் படவில்லை.

அதற்குப் பிறகு ஏர்பஸ் ஒரு புது லாட்ச் கொண்டுவந்தது. முன் லாட்சைத் திறக்க சிவப்புக் கொடி கட்டிய சாவி வேண்டும். லாட்ச் முழுசாகப் பூட்டாமல் சாவியை உருவ முடியாது. உருவின சாவி காக்பிட்டில் அதற்கென்று இருக்கிற இடத்தில் போக வேண்டும். சாவி அங்கே இல்லையென்றால் கதவு திறந்திருக்கிறது என்று பைலட்டுக்கே தெரிந்துவிடும். கதவைத் திறந்தாலே விமானத்தோடு இருக்கிற டெக் லாக் புத்தகத்தில் எழுதுகிறோம். மூடின பிறகு நான் மல்லாக்கப் படுத்து, ஒவ்வொரு லாட்ச் மேலும் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஆகஸ்ட் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கும் இங்கே தரை கொதிக்கும், சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். அப்போதும் படுக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் 2022 பிப்ரவரியில் மும்பையிலிருந்து குஜராத்தில் இருக்கிற பூஜுக்குக் கிளம்பிய ஏடிஆர் விமானம் ஒன்றின் எஞ்சின் கவ்ல் ரன்வே பக்கத்திலேயே கழன்று விழுந்தது. பூஜில் பத்திரமாக இறங்கியது.

நடுவில் வேலை நின்றால் திரும்பத் தொடங்கும்போது மூன்று படி பின்னால் போய்த் தொடங்கு என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். பைலட்டுக்கும் அது பொருந்தும். விமானத்தைச் சுற்றிப் பார்க்கிற வாக்-அரவுண்ட் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்துக்கு இரண்டு மூன்று இடம் முன்னாலிருந்து மறுபடி தொடங்கு.

முப்பந்தல் 80 மீட்டர்:

எனக்கு விமானம் தெரியாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை மெயின்டனன்ஸ் வேலை. ஜூன், ஜூலையில் இங்கே கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கிற நாசெல் பெட்டியின் மூடியைச் சரியாக லாக் செய்யாமல் இறங்கினால் அன்றைக்கே தூக்கிவிடும். நாங்கள் போல்ட்டை டார்க் வைத்து, அதாவது சொன்ன அளவு இறுக்கத்துக்கு முறுக்கினதும் மார்க்கரால் போல்ட் தலையிலிருந்து அதன் அடியில் இருக்கிற ஃபிளாஞ்ச் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்போம். அடுத்த தடவை ஏறும்போது கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும். விமான மூடியிலும் இப்படிக் கோடு போடலாமே அண்ணே?

கருங்கல் ஏர்ஃப்ரேம்:

தம்பி, போடுகிறார்கள். எஞ்சினில், கண்ட்ரோல் இணைப்புகளில், பெட்ரோல், ஆயில் குழாய் நட்களில் டார்க் சீல் என்று காய்ந்தால் கெட்டியாகிற ஒரு பெயின்ட் கோடு இருக்கும். உடைந்தால் உடனே தெரியும். மூடி ஸ்க்ரூக்களில் பொதுவாகப் போடுவதில்லை. அடிக்கடி கழற்றி மாட்டுவது, எண்ணிக்கையும் அதிகம். அங்கே கைதான் வழி.

திருவட்டார் பெண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீட் விஷயமும் சாவி விஷயமும் எனக்குப் புதுசு. இரண்டு கேள்வி பாக்கி. ஒர்க் ஆர்டரைக் கேட்டால் "ஸ்டூடண்ட்டுக்கு எதற்கு" என்று சொல்லக்கூடிய இடம் அது. எப்படிக் கேட்பது? இவ்வளவும் பார்த்த பிறகும் மேலே போனதும் ஏதோ ஒன்று படபடவென்று அடித்தால் என்ன செய்வது?

கருங்கல் ஏர்ஃப்ரேம்:

காகிதம் கொடுக்க மாட்டார்கள் என்றால் ஆளைக் கேள் மக்களே. ஹேங்கரில் அந்த வேலை பார்த்தவர் யாரென்று விசாரித்து, நேரில் போய், "அண்ணா, இதில் எந்தெந்த இடம் திறந்தீர்கள், எனக்கு ஒரு தடவை காட்டித் தருவீர்களா" என்று கேள். வேலை தெரிந்தவன் எவனும் இதற்கு முகம் சுளிக்க மாட்டான். கூடவே நடந்து வந்து காட்டுவான், வருகிற வழியில் அவனே ஒன்றிரண்டைத் தட்டியும் பார்ப்பான். நீ கண்டுபிடிப்பதை வாயால் சொல்வதோடு விடாதே, பழுதுகளைப் பதிகிற டிஃபெக்ட் லாகில் எழுது. எழுதினால் யாராவது பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

வானத்தில் சத்தம் கேட்டால் முதலில் விமானத்தை ஓட்டு. வேகத்தைக் கொஞ்சம் குறை, வளைவுகளைச் சின்னதாக எடு, கண்ட்ரோல் எல்லாம் கேட்கிறதா என்று மெதுவாகப் பார், டவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இறங்கு. செஸ்னாவில் கதவோ லக்கேஜ் கதவோ திறந்துகொண்டால் காற்றும் சத்தமும் பயங்கரமாக இருக்கும், ஆனால் விமானம் பறக்கும். திறந்த கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்து, வேகத்தைக் கோட்டைவிட்டு விழுந்தவர்கள்தான் இருக்கிறார்கள். ரன்வேயில் ஓடும்போதே சத்தம் கேட்டு, முன்னால் இடமும் இருந்தால், அங்கேயே நிறுத்திவிடு. இறங்கினதும் கூட வந்தவர் கதவை மூட அவசரப்பட்டு குதிப்பார், விடாதே. எஞ்சினை நிறுத்தி, புரொப்பெல்லர் முழுசாக நின்ற பிறகு இறங்கச் சொல்.